பானெட்டைக் குப்புறப் போடுங்க: பழைய காருக்கு ஃபைபர் பாடி மாட்டும் வேலை

அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, மாசி மாதத்தில் ஒரு நாள் குட்டியானை வண்டியில் ஃபைபர் கிட் ஒன்றை, அதாவது பழைய காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் சாயல் தருகிற கண்ணாடி இழைப் பாகங்களை, ஏற்றி வந்து என் கொட்டகை வாசலில் இறக்கினார். பானெட், இரண்டு பம்பர், நான்கு ஃபெண்டர் (சக்கரத்தைச் சுற்றி வரும் பக்கப் பாகம்), இரண்டு சைடு ஸ்கர்ட் (கதவுக்குக் கீழே வரும் பட்டை). எல்லாம் சிவப்பு, குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. "அண்ணாச்சி, சரக்கு எப்படி?" என்றார். "பானெட்டைக் குப்புறப் போடுங்க, பார்ப்போம்" என்றேன்.

குப்புறப் போட்டதும் கதை தெரிந்துவிட்டது. உள்பக்கத்தில் பாதி இடம் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு சரியாக நனையாமல் வெள்ளை வெள்ளையாக நார் நீட்டிக்கொண்டு நின்றது. மூலைகளில், அந்த நாரைப் பிடித்து இறுகுகிற ரெசின் என்கிற பசைத் திரவம் குட்டையாகத் தேங்கி இறுகியிருந்தது. நடுவில் கட்டைவிரலால் அமுக்கினேன். அப்பளம் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வந்தது. வெளியே தெரிந்த பளபளப்பெல்லாம் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு. அது அச்சு எவ்வளவு வழவழப்பு என்பதைத்தான் சொல்லும். பின்னால் எத்தனை அடுக்கு போட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

எனக்கு இந்தப் பழக்கம் வள்ளத்திலிருந்து வந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் உவரிக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்கள் பெருகிய காலத்தில், மேட் கிழித்துக் கொடுக்கிற பையனாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். வள்ளம் வாங்க வருகிறவர் வெளியே ஒரு பார்வைதான் பார்ப்பார். அப்புறம் உள்ளே குனிந்து தட்டித் தட்டிப் பார்ப்பார். வேலை தப்பென்றால் அலை ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிடும். காரில் அது தெரிய ஆறு மாதம் ஆகும், அதற்குள் பெயிண்டுக்குக் கொடுத்த காசும் போயிருக்கும். இப்போது வள்ளியூர்ப் பக்கம் சொந்தக் கொட்டகை. வள்ளமும் தண்ணீர்த் தொட்டியும்தான் சோறு போடுகின்றன. நடுநடுவே இப்படி ஆசைக்காரர்களின் கார்.

வாங்கும்போது செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பேனல் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய இடம் 'ணங்' என்று ஒரே மாதிரி பேசும். உள்ளே காற்று அடைபட்ட இடம் 'தொப்' என்று ஊமையாகிவிடும். வளைவுகளில்தான் இந்த ஊமை அதிகம் இருக்கும், ஏனென்றால் மேட் மூலையில் படியாமல் எழும்பிக்கொள்ளும், அவசரத்தில் ரோலர் போடாமல் விட்டிருப்பார்கள். அடுத்து, துணியில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்து உள்பக்கம் தேயுங்கள். பிசுபிசு என்று ஒட்டினால் ரெசின் இன்னும் வேகவில்லை, அதாவது முழுசாக இறுகவில்லை. செய்து பல வாரம் ஆகியும் மூக்கைத் துளைக்கிற வாசம் அடித்தாலும் அதே அர்த்தம்தான். அப்புறம் எடை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். கார் பேனலுக்கு மூன்று மில்லிமீட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கனத்தில் சதுர மீட்டருக்கு நாலரை கிலோ வரவேண்டும். "காத்து மாதிரி இருக்கும் சார்" என்று விற்பவர் பெருமைப்பட்டால் நீங்கள் பயப்படவேண்டும்.

ஃபைபர் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களும் வருகிறார்கள். 1953-ல் முதல் கார்வெட் வந்தபோதே அதன் பாடி ஃபைபர்தான், அந்த வருஷம் 300 வண்டிதான் செய்தார்கள். பெங்களூரில் 1980-களில் வந்த சிபானி டால்ஃபினும் ஃபைபர் பாடிதான். பணகுடி காற்றாலைகளின் இறக்கைகூடக் கண்ணாடி இழைதானே. சரக்கில் குறை கிடையாது, போடுகிற கையில்தான் இருக்கிறது.

பளபளப்பை விட்டு முதுகைப் பார்ப்பதற்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்றைத் தம்பி செய்யவில்லை. அது டேப் வைத்து அளப்பது. வெளிநாட்டில் இந்த வேலைக்குப் பேர்போன வண்டிகள் இருந்தன. அமெரிக்காவில் 1984 முதல் 1988 வரை வந்த போன்டியாக் ஃபியரோ, ஜப்பானின் டொயோட்டா எம்ஆர்2. இரண்டிலும் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும், அதனால் ஃபெராரி மாதிரி செய்ய இவற்றைத் தேடினார்கள். அப்படியும் அளவு ஒத்துப்போகாது. 1989-ல் வந்த எம்ஆர்2-வுக்கு முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 2,400 மில்லிமீட்டர், ஃபெராரி எஃப்355-க்கு 2,450. இந்த ஐந்து சென்டிமீட்டரைச் சமாளித்துவிடலாம். அகலத்தில்தான் வம்பு. ஒன்று ஏறக்குறைய 1,700, மற்றது 1,900. பாடி பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெளியே வந்துவிடும், சக்கரம் மட்டும் பொந்துக்குள் உட்கார்ந்த ஆந்தை மாதிரி உள்ளே நிற்கும். சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் என்கிற வளையம் போட்டு வெளியே தள்ளினால் பேரிங் சீக்கிரம் போகும்.

தம்பியின் வண்டி பழைய லான்சர். வீல்பேஸ், அதாவது அந்தச் சக்கர மைய இடைவெளி, 2,500 மில்லிமீட்டர், இன்ஜின் முன்னால். அவர் வாங்கிய கிட்டோ இன்ஜின் பின்னால் இருக்கிற வண்டியின் சாயல், மூக்கு தரையோடு படுத்திருந்தது. பானெட் உட்காருமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி களிமண். இன்ஜினில் உயரமாக இருக்கிற நாலைந்து இடத்தில் களிமண் உருண்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுப் பானெட்டை இறக்கி எடுக்க வேண்டும். நசுங்கிய உருண்டையில் மிச்சமிருக்கும் கனம்தான் உங்கள் இடைவெளி. வண்டி ஓடும்போது இன்ஜின் ஆடும், அதனால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எங்களுக்குக் களிமண் ரொட்டி மாதிரித் தட்டையாகிவிட்டது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். முன்னால் இன்ஜின் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் நீண்ட மூக்கு உள்ள, முன் இன்ஜின் காரின் சாயலையே தேடுங்கள். பாதிச் சண்டை குறையும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாதி வேலையில் வந்து அழுகிறவர்கள் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று சேர்த்தார்கள். தம்பிக்கு ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. தன் தோட்டத்தில் நிறுத்திக் கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கத்தான். அதனால் கை வைத்தேன். அப்புறம் ஃபெராரியின் குதிரைச் சின்னம் ஒட்டிக் கேட்டார், அதை மறுத்துவிட்டேன். ஃபைபரில் தன் காரின் சாயல் செய்து விற்றவர் மீதே ஃபெராரி வழக்குப் போட்டு 1991-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறது.

சரி, மாட்டுகிற வேலை. கிட் வந்த உடனே மாட்ட ஆசை வரும். வேண்டாம். பேனல்களை வண்டி மேல் அதனதன் இடத்தில் பொருத்தி டேப் ஒட்டி, நாலைந்து நாள் வெயிலில் விடுங்கள். வேகாத ரெசின் வேகட்டும், கோணவேண்டியது இப்போதே கோணட்டும். சாதாரண ரெசின் அறுபது எழுபது டிகிரிச் சூட்டில் இளக ஆரம்பிக்கும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு வண்டியின் மேல்தகடு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், அதனால் மலிவான கிட்டுக்குக் கறுப்பு அடிக்காதீர்கள். கோணிய பேனலைக் கொதிநீர் ஊற்றி இளக்கி, நேராக்கிப் பாரம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

அடுத்தது அளவு. இதற்குக் கொத்தனார் சாமான் போதும்: ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், சுண்ணாம்புக் கட்டி. தரை மட்டமாக இருக்கட்டும், நான்கு டயரிலும் ஒரே காற்று, டேங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் சீட்டில் ஒரு மூட்டை சிமென்ட். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்குப் பாடி மாட்டினால் கீழே இறக்கியதும் கதவு இடுக்கு வாய் பிளக்கும். முன்னும் பின்னும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நடுக்கோடு போடுங்கள். எந்த அளவையும் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் எடுங்கள். பழைய வண்டி என்றைக்கோ எங்கேயோ இடித்திருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றாக இராது. தம்பி வண்டியில் வலது பக்கம் எட்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. கிட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், குறை வண்டியில்.

இப்போது எதையும் ஒட்டாமல், துளைகூடப் போடாமல், எல்லாப் பேனலையும் கிளாம்பிலும் டேப்பிலும் தொங்கவிடுங்கள். வரிசை முக்கியம். நகராத பொருளிலிருந்து தொடங்க வேண்டும். காரில் அது கதவு. முன் கதவை நன்றாக மூடி அதை ஒட்டிப் பின் ஃபெண்டர், அப்புறம் முன் ஃபெண்டர், அப்புறம் பானெட், கடைசியில் பம்பர்கள். லான்சருக்கு நான்கு கதவு. பின் கதவு இரண்டையும் வெல்டு வைத்து மூடிவிட்டு மேலே கிட்டின் பின் ஃபெண்டரைப் போர்த்தினோம். பம்பரில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. முன்னால் அழகாக இருக்கும், தப்பெல்லாம் சேர்ந்து கதவு ஓரத்தில் வந்து நிற்கும், அங்கே திருத்த வழியில்லை. இடுக்குக்கு ஐந்து மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளைச் சொருகிக்கொள்ளுங்கள். தொங்கவிட்டபின் பத்தடி தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நான் அந்தி வெயிலில் பார்ப்பேன். சாய்ந்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் ஒளிந்துகொள்ள முடியாது. இந்தத் தொங்கவிடும் வேலைக்கு மட்டும் எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. தம்பி தினமும் போன் போட்டு "ஒட்டியாச்சா அண்ணாச்சி?" என்பார். ஒட்டியது ஒரே நாள்.

அறுப்பதற்கு ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் போதும். கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அறுத்து மிச்சத்தை உப்புத்தாளில் தேயுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க். கைக்குட்டை கட்டிக்கொண்டு இந்தத் தூசியை இழுக்காதீர்கள். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் ஊற்றினால் நார் தோலில் இன்னும் இறங்கும். ஒழுங்காக மூடாமல் வேலை செய்தால் தாமிரபரணியில் நாள் முழுக்க முங்கிக் கிடந்தாலும் அரிப்பு போகாது.

தம்பியின் பானெட்டுக்கு வருகிறேன். உள்பக்க வெள்ளை நாரைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு இரண்டு அடுக்கு 450 மேட் புதிதாகப் போட்டோம். இன்ஜின் இடிக்கிற இடத்தை வெட்டி மேலே ஒரு புடைப்பு செய்ய வேண்டியிருந்தது. வடிவத்துக்கு என் மச்சினன் தெர்மாகோலைச் செதுக்கி, அது மேலேயே ரெசின் தடவிவிட்டான். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அரை மணி நேரத்தில் அழகான புடைப்பு சப்பிய மாம்பழக் கொட்டை மாதிரி ஆகிவிட்டது. "சவத்தைத் தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு மறுநாள் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமில் செதுக்கினோம். தெர்மாகோல்தான் இருக்கிறது என்றால் பார்சல் டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்றிவிட்டுச் செய்யலாம்.

ரெசின் கலப்பதில் ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். கடையில் ரெசின், ஆக்சிலரேட்டர், ஹார்டனர் என்று மூன்றாகத் தருவார்கள். ஆக்சிலரேட்டரும் ஹார்டனரும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்டனர். இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பி, ஒரே குச்சி கூடாது. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அளவு பருவத்தைப் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் கிலோ ரெசினுக்குப் பத்து மில்லி ஹார்டனர் போதும், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. ஒன்பது மணிக்கு மேல் கலக்கினால் பிரஷ் எடுப்பதற்குள் பக்கெட்டிலேயே கட்டியாகிப் புகையும். மிச்சத்தைப் பக்கெட்டில் விடாமல் தட்டையான தட்டில் பரப்பிவிடுங்கள், சூடு ஏறாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பதினைந்து, இருபது மில்லி வரை போகலாம். ஆனால் அந்த மாதங்களில் நான் கார் வேலையைத் தொடமாட்டேன். மேட்டுக்கு ஈரம் ஆகாது. 2023 டிசம்பர் மழையில் கொட்டகை ஒழுகி நனைந்த மேட்டைக் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன். ரெசின் உள்ளே இறங்காமல் வெள்ளையாகவே நின்றது. முழு ரோலையும் தூர எறிந்தேன். எடைக்கணக்கில் மேட் ஒரு பங்கு என்றால் ரெசின் இரண்டரைப் பங்கு. சதுர மீட்டர் 450 மேட்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

பேனலைத் தகரத்தோடு சேர்க்க ரெசினை நம்பாதீர்கள். பாலியெஸ்டர் தகரத்தில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் தோல் உரிவது மாதிரி மொத்தமாக வந்துவிடும். கார் கண்ணாடி ஒட்டுகிற பி.யூ. பசைதான் சரி. இரண்டு பக்கமும் 80 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, தகரத்துக்கு எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பசை. பசையை அழுத்தி முழுக்கப் பிதுக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் நிற்கட்டும். வெயிலில் ஃபைபர் தகரத்தைவிட அதிகம் நீளும். இரண்டு மீட்டர் பேனலில் காலைக்கும் மத்தியானத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். பசைக்கு அந்த அசைவு தாங்கும். போல்ட் போடும் இடங்களில் அதே காரணத்துக்காகத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வையுங்கள். தகர ஸ்க்ரூவை நேராக ஃபைபரில் முறுக்கினால் ஒரு மாதத்தில் துளை தளர்ந்து கையோடு வரும். போல்ட் வருகிற இடத்தில் பின்னால் இன்னும் இரண்டு அடுக்கு மேட் கூடுதலாகப் போடுவது வள்ளத்தில் கற்ற பழக்கம். பம்பருக்கு உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தை மட்டும் இடம் இல்லையென்று கழற்றிவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் லைட் எரியவில்லை. தம்பி முகம் வாடிவிட்டது. எலக்ட்ரீஷியன் வயரைக் குடைந்து அரை நாள் போனது. பழைய விளக்குகளுக்கு வண்டியின் தகரமே எர்த். ஃபைபரில் கரன்ட் ஓடாது என்பதை நானும் மறந்திருந்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் சேஸிஸில் கட்டுங்கள். அதே மாதிரி சைலன்சர் பக்கத்தில் வருகிற இடங்களில் தகரத் தடுப்பு வையுங்கள், ஃபைபர் தீயில் எரிகிற பொருள். ரேடியேட்டருக்குக் காற்று போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்காக வாயை மூடின பம்பர் சில கிட்டில் வரும்.

பெயிண்டுக்கு ரொம்பச் சொல்லவேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. அச்சிலிருந்து பேனலைக் கழற்ற மெழுகு தடவியிருப்பார்கள், அது மேலே ஒட்டிக்கொண்டு வரும். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு எடுக்கிற சொல்யூஷன், அதற்கப்புறம்தான் தேய்ப்பு. முதலில் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கி, பெயிண்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். பட்டி மெல்லிசாக, ஊசித்துளைகளை அடைக்க மட்டும். பள்ளம் ஆழமானால் மேட் போட்டு நிரப்புங்கள், பட்டியைக் குவிக்காதீர்கள். எபாக்ஸி பிரைமர், சர்ஃபேசர், 400 நம்பரிலிருந்து 800 வரை வாட்டர் பேப்பர். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் பெயிண்ட் அடிப்பது மண்ணுக்குக் கலர் அடிப்பது மாதிரி. நாங்கள் பங்குனியில், தரையில் தண்ணீர் தெளித்து, காலை ஏழு மணிக்குள் அடித்து முடித்தோம்.

வண்டி அம்பாசமுத்திரத்துக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் தம்பி போன் செய்தார். கல்லிடைக்குறிச்சிக் கல்யாணப் பெண் பின் சக்கர வளைவில் சாய்ந்து நின்றிருக்கிறார். பட்டுப்புடவை முந்தி ஓரத்தில் மாட்டி ஜரிகை ஒரு முழம் இழுபட்டுவிட்டது. சக்கர வளைவின் உள் ஓரத்தை அறுத்தபின் ரெசின் தடவி மூடாமல் விட்டது என் தப்பு. கண்ணுக்குத் தெரியாத நார் ஊசி மாதிரி நின்றிருக்கிறது. போதாததற்கு அப்படித் திறந்த ஓரம் ஈரத்தையும் உறிஞ்சும். நேரில் போய்த் தேய்த்து, எல்லா அறுத்த ஓரத்துக்கும் இரண்டு கை ரெசின் தடவிவிட்டு வந்தேன். புடவைக்குப் பாதிக் காசு நான் கொடுத்தேன். இப்போது கொட்டகையில் என் வீட்டுக்காரியின் கிழிந்த பட்டுத் துண்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஓரங்களை அதால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன். நூல் மாட்டினால் மறுபடியும் உப்புத்தாள்.